துணைக்குப் போன விரல்

— கீச்சுன்னு ஒரு சத்தம் கேட்டுச்சு. அது மட்டுந்தான் எனக்கு நெசமாத் தெரியும். அதுக்கு முன்னால நீ கைய மேல இருந்து கீழ கொண்டுபோனயா, கீழ இருந்து மேல கொண்டுபோனயா, எதுவும் சரியா ஞாபகத்துல நிக்கல. கண்ணு தெரியறவனா இருந்தா பாத்தத வெச்சுச் சொல்லிப் போடலாம். செல்லீ, உன்னயத்தான் கேக்கறேன். எதக் குத்துன?

— ஆட்டோ ஓரத்துல வெய்யிலடிக்குது. செத்த உள்ள தள்ளி உக்காருங்க மாமா.

— வெய்யிலு கெடக்குது கழுத. என்ற ஓட்ட எதுல குத்துனன்னு கேட்டேன்.

— குத்த வேண்டியதுல குத்துனேன்.

— கேட்டயாடா நந்தா, உன்ற பெரியம்மா சொல்ற பதில? லோடு எங்கடா ஏத்துனன்னு கேட்டா லாரியிலன்னு சொல்ற கிளீனராட்டம்.

— ஓட்டிக்கிட்டே எல்லாத்தயும் கேட்டுக்கிட்டுத்தான் வாரேன் பெரியப்பா. ஒரு நிமிசம், போன் வருது. அலோ, சொல்லுங்க தலைவரே... ஆமாங்க, வெங்கடாசலம் பெரியப்பா ஓட்டு முடிஞ்சுதுங்க... கண்ணு தெரியாதவருங்களே, தொணைக்கு ஒராளு போலாமுங்க, அவிய ஊட்டுக்காரம்மா போனாங்க... நான் போகுலீங்க. வாரேன்னு சொன்னேன், கேக்கோணுமில்லீங்க... சின்னம் கன்பார்மான்னா... கேட்டுச் சொல்றனுங்க. வெச்சர்றனுங்க. பெரியப்பா, ஒன்றியத்துல இருந்து கேக்கறாங்க. உங்க ஓட்டு மண்வெட்டிதான? கன்பார்மா?

— என்னயக் கேட்டா? குத்துனவளக் கேளு.

— பெரியம்மா?

— ஏஞ்சாமி நந்தா, ஆருக்குக் குத்துனேன்னு வெளிய சொல்லப்படாதுன்னு அந்த ஆப்பீசரு என்றகிட்டக் கையெழுத்து வாங்கிட்டாரு. வேணும்னா ஆட்டோவத் திருப்பிக்கிட்டுப் போயி அவரயே கேட்டுக்க.

— ஊருக்குத்தான்டி சொல்லப்படாது. கட்டுன புருசனுக்குமா சொல்லப்படாது?

— புருசனுக்கு மட்டும் சொல்லலாம்னு அதுல ஒண்ணும் போட்டிருக்கலீங்க.

— பாத்தீங்களா பெரியப்பா, இதுக்குத்தான் தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். கட்சிக்காரங்க அத்தன பேரு முன்னால நான் தொணைக்கு வாரேன்னேன். எனக்கு எம்பொண்டாட்டி போதும்னு ஒத்தக்கால்ல நின்னீங்க. இவிய படகுக் கட்சின்னு எருமப்பட்டிக்கே தெரியும். படகுத் தலைவரு டீவியில வந்தா அடுப்ப அமத்திப் போட்டுட்டு வந்து முன்னால உக்காந்துக்குவாங்க.

— ஆமான்டா, உக்காருவேன். உங்க மண்வெட்டித் தலைவரு என்ன பேசுனாரு? நூறு நாள் வேலைக்குப் போற பொம்பளைகெல்லாம் மரத்தடியில படுத்துத் தூங்கிட்டுக் கூலி வாங்கறாங்களாம். சோம்பேறிகளாம். சித்திரை வெய்யில்ல ஏரி மண்ண வெட்டிச் சொமந்தவ நானு. என்ற உள்ளங்கைய வந்து தொட்டுப் பாக்கச் சொல்லு அந்தாள. சின்னம் மண்வெட்டியாமா, மண்வெட்டி! ஒரு நாளு அதக் கையில புடிச்சிருப்பாரா?

— அவரு பேசுனத முன்னயும் பின்னயும் வெட்டிப்போட்டு ஓட்டறாங்க பெரியம்மா. அதப் போயி நம்பிக்கிட்டு. இது டெல்லிக்கு நடக்கற எலக்சன். சாக்கடைக்கும் தெருலைட்டுக்கும் நடக்கறதில்ல. நாட்ட ஆரு ஆளோணும்கறத...

— நாட்ட ஆளப் போறவரு மொதல்ல நாக்க ஆளட்டும்.

— செல்லீ! வாய மூடு. கட்சியப் பத்தி என்ற காது கேக்கப் பேசாத. உன்ற படகுத் தலைவரு மட்டும் என்னத்தக் கிழிச்சுப் போட்டாரு? மழ பேஞ்சா ஒரு பேச்சு, வெய்யிலடிச்சா ஒரு பேச்சு.

— அவரும் ஒண்ணும் கிழிக்கல. ஆனா என்னயச் சோம்பேறின்னு சொல்லல.

— அடேங்கப்பா, ஒரு வார்த்தைக்காக ஒரு ஓட்டாடி?

— பின்ன? வருசக்கணக்கா எங்களுக்கு வார்த்தையத்தான குடுக்கறாங்க. அதயாவது நல்லதாப் பாத்து வாங்கிக்கறேன்.

— கேளுடா நந்தா, கேளு. நான் லாரி ஸ்டேரிங்கப் புடிச்ச நாள்ல இருந்து கண்ணு போற வரைக்கும் மண்வெட்டிக் கொடியில்லாம வண்டிய நகத்துனதில்ல. திருச்சி மாநாட்டுக்கும் மதுரை மாநாட்டுக்கும் வாடகையில்லாம ஆளு ஏத்திக்கிட்டுப் போனவன். ஆந்திராவுல கொடியக் கழட்டுடான்னு கண்ணாடிய ஒடச்சானுக. கழட்டலையே! கண்ணாடி போனாப் போகுதுன்னு காத்துல கண்ணு எரிய எரிய ஓட்டிக்கிட்டு வந்தேன்.

— தெரியுமுங்க. அந்தக் கொடியத் தொவச்சுக் காயப்போட்டவ நாந்தானுங்க.

— அது மட்டுமா பெரியம்மா? பங்குனி நோம்பி அன்னிக்கு என்ன நடந்துச்சு? மாரியாயி கோயில்ல நம்ம தெருவே கூடி நின்னுச்சு. பெரியப்பா கைய நாந்தான் புடிச்சு எரியற கற்பூரத்து மேல வெச்சேன். "என்ற ஓட்டு மண்வெட்டிக்குத்தான், மாறுனா ஆத்தா என்னயக் கேக்கட்டும்"னு கணீர்னு சத்தியம் பண்ணுனாரு. கோயிலே அதிந்து போச்சு. அப்பேர்ப்பட்ட மனுசனோட ஓட்ட நீங்க மாத்திக் குத்தியிருந்தா, அது ஆரு தலையில வந்து விடியும்? ரோசன பண்ணுனீங்களா?

— கண்ணு தெரியாத மனுசன் கையப் புடிச்சு நெருப்புல வெக்கறதுக்கு நீ ஆருடா? அந்தக் கையி கொப்புளிச்சுக் கெடந்தப்ப உங்க ஒன்றியமா வந்து மருந்து போட்டுச்சு? நாந்தான போட்டேன்?

— பேச்ச மாத்தறாங்க பாருங்க பெரியப்பா. போன எலக்சன்லயே இவிய மேல எனக்குச் சந்தேகம்.

— சந்தேகமென்னடா சந்தேகம். போன எலக்சன்ல மாத்தித்தான் குத்துனா.

— என்னங்க மாமா சொல்றீங்க!

— எனக்குத் தெரியாதுன்னா நெனச்சுக்கிட்டு இருந்த? அன்னிக்கு ஊடு வந்து சேந்ததும் நாட்டுக்கோழி அடிச்சுக் கொழம்பு வெச்ச. மக்யா நாளு பணியாரம். அதுக்கு மக்யா நாளு நானே கேக்காம தலைக்கு எண்ண வெச்சுத் தேச்சு உட்ட. கல்யாணமான புதுசுல கூட நீ என்னய அப்பிடிக் கவனிச்சதில்ல. கொழம்ப வாயில வெச்சப்பவே தெரிஞ்சுக்கிட்டேன், என்ற ஓட்டு படகுல ஏறிப் போயிருச்சுன்னு.

— தெரிஞ்சுமா இந்தத் தடவையும் இவியளயே கூட்டிக்கிட்டுப் போனீங்க? கண்ணோட புத்தியும் போயிருச்சா உங்களுக்கு?

— டேய்! ரோட்டப் பாத்து ஓட்டுடா. பள்ளத்துல உட்டு உட்டு எடுக்கற. நானெல்லாம் இருவது டன்னு முட்டையும் ஒடையாம கொண்டுபோயி எறக்குனவன்.

— கோவத்துல சொல்லிப் போட்டேன், மனசுல வெச்சுக்காதீங்க. இங்க நிறுத்தறேன். இந்தக் கோழிப்பண்ணையில நம்ம ஓட்டு ரெண்டு மூணு இருக்குது, போயிக் கூட்டியாந்தர்றேன். அதுக்குள்ள பெரியம்மாகிட்ட நாயமாக் கேட்டு வைங்க. நம்ம தலைவரு நாமக்கல் மேடையில உங்க கையப் புடிச்சுக்கிட்டு நிக்கற போட்டோ பஸ் ஸ்டாண்டுச் செவுருல இன்னும் இருக்குது. அந்த ஓட்டே மாறிப் போச்சுன்னா நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு கட்சி ஆப்பீசுக்குப் போறது?

— போடா, போயி உன்ற சோலியப் பாரு. செல்லீ, போயிட்டானா?

— போயிட்டானுங்க. பண்ணக் கேட்டத் தொறந்து உள்ள போறான்.

— செருப்புச் சத்தம் இன்னும் கேக்குது. இரு... இப்பச் சொல்லு. பக்கத்துல ஒருத்தரும் இல்லையே? உன்னயத் திட்ட மாட்டேன். படகுதான?

— இல்லீங்க.

— செல்லீ, வெளையாடாத. என்றகிட்ட எதுக்கு மறைக்கற? படகுன்னு ஒரு வார்த்த சொல்லிப் போடு.

— படகு இல்லீங்க மாமா. நெசமாத்தான் சொல்றேன். என்ற ஓட்டப் படகுக்குப் போட்டேன், அது என்ற இசுட்டம். எடது கையில மை வெச்சாங்க. உங்களக் கூட்டிக்கிட்டு உள்ள போனப்ப, தொணைக்கு வந்தவளுக்கு வலது கையின்னு சொல்லி இந்த வெரல்லயும் வெச்சாங்க. இந்த வெரலால மண்வெட்டியத்தான் குத்துனேன். கண்ணாடிக்குள்ள சீட்டு வந்து நின்னுச்சு. மண்வெட்டிதான். என்ற கண்ணால பாத்தேன்.

— மாரியாயி மேல ஆணையா?

— மாரியாயி மேல ஆணையா. அவளுக்குப் பயந்துக்கிட்டுத்தான அதக் குத்துனதே. போன தடவ சத்தியமொண்ணும் நடுவுல இல்ல. துணிஞ்சு மாத்திக் குத்திப் போட்டு, பாவம் தீரட்டும்னு கோழி அடிச்சேன். இந்தத் தடவ நீங்க கற்பூரத்து மேல கை வெச்சிருக்கீங்க. படகு வரைக்கும் வெரலக் கொண்டுபோயிட்டேன், அமுக்க வருல. உங்களுக்கு எடது கண்ணுல வெளிச்சம் மட்டும் தெரியுது. சன்னலு இந்தப் பக்கம், வாசலு அந்தப் பக்கம்னு சொல்லிக்கிட்டு நீங்களா நடந்து போறீங்க. அதையும் ஆத்தா புடுங்கிக்கிட்டான்னா நான் என்ன பண்ணுவேன்? என்னயச் சோம்பேறின்னவன் அவன். அவனுக்கு என்ற வெரலாலயே குத்துனேன். வயிறெரிய வயிறெரியக் குத்துனேன். உங்களுக்காகத்தான். ஏனுங்க மாமா, இப்பச் சந்தோசந்தான? நந்தா வந்தா தெம்பாச் சொல்லுங்க, எம்பொண்டாட்டி மண்வெட்டிக்குத்தான் குத்துனான்னு. என்னத்துக்கு இப்பிடி ஆட்டோக் கம்பியப் போட்டு முறுக்கறீங்க? மூஞ்சியெல்லாம் வேத்துப் போச்சு. தண்ணி தரட்டுங்களா?

— நாமக்கல் மேடையில அந்தாளு என்ற கையப் புடிச்சான்.

— தெரியுமுங்க, போட்டோவுல...

— போட்டோவுல தெரியாது. கேளு. கோயில்ல சத்தியம் பண்ணி ரெண்டு வாரங்கூட ஆகல அப்ப. கையப் புடிச்சுக்கிட்டு, "எப்படி இருக்கீங்க அய்யா"ன்னு மைக்குல கேக்கறான். கையி என்றகிட்ட இருக்குது, கொரலு அந்தாண்ட போகுது. மூஞ்சிய கேமராப் பக்கமாத் திருப்பி வெச்சுக்கிட்டு என்னய நலம் விசாரிக்கறான். எனக்குக் கண்ணுதான் அவிஞ்சுது, காது அவியல. சரி, அதுவும் போகட்டும்னு நான் வாயத் தொறந்தேன். டோல்கேட்டுல எங்க டிரைவருகளப் புழிஞ்சு எடுக்கறாங்க, டெல்லியில ஒரு வார்த்த பேசுங்கய்யான்னு சொல்ல வந்தேன். "டோல்"னு சொல்லி முடிக்கறதுக்குள்ள கண்ணு தெரியாதவனுக்கு உதவின்னு கையில ஒரு வெள்ளத் தடியத் திணிச்சானுக, ஊரே கை தட்டுச்சு. மேடையில இருந்து எறக்கி உட்டதும் ஒருத்தன் வந்து அந்தத் தடியப் புடுங்கிக்கிட்டான். அடுத்த ஊரு மேடைக்கு வேணுமாமா.

— அய்யோ! தடி வண்டியில தவறிப் போச்சுன்னு சொன்னீங்களே.

— வேற என்னன்னு சொல்றது? ஆயுசு முச்சூடும் அவனுக்குக் கொடி கட்டுனவன், எந்த வாயால இதச் சொல்றது? தடியில்லாம அந்தக் கூட்டத்துல தடவிக்கிட்டு நின்னேன் பாரு, அங்கயே முடிவு பண்ணிட்டேன். என்ற ஓட்டு இனி அவனுக்கு இல்ல.

— அப்பறம் எதுக்குங்க, விடிஞ்சதுல இருந்து மண்வெட்டி மண்வெட்டின்னு என்ற உசுர எடுத்தீங்க? பொட்டிக்கு முன்னால நின்னுக்கிட்டுக் கூட என்ற காதுல அதத்தான சொன்னீங்க?

— கற்பூரத்துல சத்தியம் பண்ணுன வாயி வேற எதடி சொல்லும்? நந்தா வாரேன்னதுக்கு வேண்டாம்னுட்டு உன்னயக் கூட்டிக்கிட்டுப் போனேனே, அது எதுக்கு? கட்டிக்கிட்டு வந்த நாளா நீ என்ற பேச்ச ஒரு தடவையாவது கேட்டிருக்கியா? இன்னிக்குன்னு பாத்து ஆருடி உன்னயக் கேக்கச் சொன்னது!