மச்சானுக்கு ஒரு பெட்டி

நான் தினமும் வேலைக்குப் போகும் திருவனந்தபுரம் ரயிலில், இரணியலில் ஏறிய ஒரு அண்ணனும் தங்கையும் எதிரே உட்கார்ந்தார்கள். காலடியில் புத்தம்புது அட்டைப்பெட்டி. அண்ணனின் கைபேசியில் அமெரிக்க எல்லைச் செய்தி சத்தமாக ஓடியது.

"மதிலு கெட்டட்டும். பேப்பர் இல்லாம அடுத்த நாட்டுல இருக்கவனுவள ஒருத்தன் விடாம அனுப்பணும்."

"அனுப்பியாச்சே காக்கா," என்றாள் தங்கை அண்ணனிடம். "ஒங்க மச்சான் பத்தரைக்கு துபாய்லேர்ந்து வந்து எறங்குவாரு."

"ஏட்டி, மெதுவா பேசு. அவரு மதிலு சாடியா போனாரு? விசா முடிஞ்சுது, பொதுமன்னிப்புல வாறாரு."

"விசா முடிஞ்சு நாலு வருசம் காக்கா."

"அதுக்கு? அவரு நம்ம மச்சான்லா."

"அமெரிக்காவுல இருக்கவனும் யாருக்கோ மச்சான்தான்."

அண்ணன் செய்தியை நிறுத்தினார். "சாமான் எல்லாம் வாங்கினியா?"

"கோடாலித் தைலம், சோப்பு, பேரீச்சம்பழம், கம்பளி, பிள்ளையளுக்கு மிட்டாயி. எல்லாம் குளச்சல் கடையில வாங்கினதுதான். வெறுங்கையோட வந்தா, பிடிச்சு அனுப்பிட்டானுவன்னு தெருவே பேசும். ஏர்போட்டுல வச்சு அவரு கையில குடுத்திருவோம். வீட்டுல எல்லாரும் பாக்க அவரே பிரிக்கட்டும்."

அண்ணன் பெட்டியைத் திறந்து ஒரு சோப்பை எடுத்துப் பார்த்தார்.

"அறிவு இருக்கா ஒனக்கு? ரூவாயில விலை ஒட்டியிருக்கு. ஒன் மாமியா கண்ணாடி போட்டுல்லா பாப்பா!"

குழித்துறை தாண்டியும் அவர் தலை நிமிரவில்லை. ஒவ்வொரு சோப்பாக எடுத்து, நகத்தால் விலைச்சீட்டைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.