ஒரு அங்குல ஊசி

ஊசி போடுறதுல எனக்கு நல்ல கை, டாக்டரம்மா. முப்பத்தோரு வருஷம் நர்ஸா இருந்தேன். வந்தவங்க முகமெல்லாம் மறந்துபோச்சு, பின்பக்கத்தக் காட்டினா ஆளு யாருன்னு சொல்லிடுவேன். "போட்டாச்சா சிஸ்டர்? நான் இன்னும் பல்லக் கடிச்சிட்டுல்ல படுத்திருக்கேன்"னு கேப்பாங்க.

போன வாரம் போன்ல கேட்டீங்க. அஞ்சு வருஷமா உங்க தங்கச்சிக்கு நீங்க போட்டப்ப கேக்காத மருந்து, எங்க ஆஸ்பத்திரில நாலே மாசத்துல எப்படிக் கேட்டுச்சுன்னு. அப்ப அடுப்புல பால் பொங்குதுன்னு போன வெச்சுட்டேன். இப்ப டைப் பண்றேன், நிதானமா படிங்க.

பிட்டத்துல ஊசின்னா சும்மா குத்துறது இல்லைன்னு உங்களுக்கே தெரியும். மனசுக்குள்ள கோடு போட்டு நாலா பிரிச்சு, மேல, வெளிப்பக்கம் இருக்கிற கால்வாசில போடணும். கீழ இறங்கினா காலுக்குப் போற நரம்புல பட்டுடும். நான் ஒரு தடவகூட இடம் தப்பல. ஆனா ஆழம்னு ஒண்ணு இருக்கே. கனத்த உடம்புல ஒரு அங்குல ஊசி கொழுப்போட நின்னுடும், சதைக்குப் போய்ச் சேராது, மருந்தும் சரியா கேக்காது. தங்கச்சி மனநோய்க்கு மாத்திரையா தின்னு நல்லா ஊதியிருந்தா. அவளுக்கு ரெண்டு அங்குலம் வேணும்.

முதல் வருஷம் மாசாமாசம் அதத்தான் போட்டேன். காதுல கேட்ட குரலெல்லாம் நின்னுபோச்சு. ஒரு பேக்கிங் கம்பெனில வேலைக்குச் சேந்தா. தனியா ஒரு ரூமும் பாத்துட்டா.

"அக்கா, அஞ்சாறு மாசத்துல பாப்பாவ கூட்டிட்டுப் போறேன். நீ எவ்ளோ நாளுதான் என் பாரத்த சுமப்ப? நீயும் கொஞ்சம் கால நீட்டி உக்காரு"ன்னா.

பாப்பா அவ பெத்தது. எட்டு மாசக் குழந்தையா, அவ புருஷன் ஓடிப்போன கையோட, என்கிட்ட வந்துச்சு. எனக்குப் பிள்ளை இல்ல. தங்கச்சி இப்படிச் சொன்னப்ப அதுக்கு நாலு வயசு. என் காதுமடலப் பிடிச்சாதான் தூக்கம் வரும்.

அந்த மாசம் டிராயரத் திறந்தேன். கைக்கு ஒரு அங்குல ஊசி வந்துச்சு. தவறிப்போச்சுன்னு வெச்சுக்கலாம். அடுத்த மாசமும் அதான் வந்துச்சு. அப்படியே அறுபது மாசம். மருந்துல ஒரு சொட்டு நான் குறைக்கல.

நாலாவது மாசம் அவ ஜன்னலுக்கெல்லாம் பேப்பர் ஒட்ட ஆரம்பிச்சா. வேலை போச்சு. காப்பகத்துல சேத்தேன். அங்க நர்ஸ் கிடையாது, அதனால மாசாமாசம் நானே போய் போடுவேன். அந்த வார்டன் அம்மா எல்லார்கிட்டயும் சொல்லும், "அக்கான்னா இப்படி இருக்கணும்"னு. பாப்பாவ ஒரு நாளும் கூட்டிட்டுப் போகல. பயந்துடும்ல.

தங்கச்சி ஒரு தடவ கவுந்து படுத்துக்கிட்டே சொன்னா. "அக்கா, ஊசிய மாத்திட்ட நீ. முன்னெல்லாம் வலி உள்ள போகும். இப்ப மேலயே நிக்குது."

"பேசாம படுடி"ன்னேன்.

அங்க வர்ற டாக்டர்கிட்டயும் அவ அதையே சொன்னா. அவரு என்னப் பாத்தாரு. பாவம் சார், சொந்த அக்காவையே சந்தேகப்படுறான்னு சொன்னேன். மருந்த ஏத்தி எழுதினாரு. ஏத்தினதையும் அதே ஊசிலதான் போட்டேன்.

அப்புறம் எனக்குக் கண் ஆபரேஷன்னு அவள உங்ககிட்ட அனுப்பினாங்க. உங்க நர்ஸ் உடம்பப் பாத்துட்டு பெரிய ஊசிய எடுத்திருக்கு. கெட்டிக்காரப் பொண்ணு. அவ்வளவுதான் விஷயம்.

நேத்து சாயங்காலம் தங்கச்சி வாசல்ல வந்து நின்னா. நீங்க வீட்டுக்கு அனுப்பினது எனக்குத் தெரியாது. தலைய படிய வாரி, கையில ஒரு துணிப்பை. பாப்பாதான் கதவத் திறந்தா. ஒம்பது வயசாச்சு இப்ப. ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒருத்தர ஒருத்தர் பாத்துட்டு நின்னாங்க.

"அம்மா, யாரோ வந்திருக்காங்க"ன்னு இவ என்னக் கூப்பிட்டா.

அடுப்படிலேருந்து எட்டிப் பாத்தேன். "தெரியலடி. வீடு மாறி வந்திருப்பாங்க. கதவ சாத்திட்டு வா"ன்னேன்.

சாத்திட்டு வந்துட்டா. ஏன் எதுக்குன்னு ஒரு வார்த்தை கேக்கல. பெத்தவகிட்ட இருந்திருந்தா இப்படி ஒரு நல்ல பொண்ணா வளந்திருப்பாளா, நீங்களே சொல்லுங்க.