பாக்கெட்டில் தைத்த பெயர்

தம்பி: ...அதைத்தான் அன்னைக்கே தலைபாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டியா?

அண்ணன்: முதல்ல அந்தத் துணி மேலருந்து எந்திரி. இஸ்திரி போட்டு வச்சிருக்கேன்.

தம்பி: எந்திரிச்சுட்டேன், எந்திரிச்சுட்டேன். பேச்சை மாத்தாதண்ணே. அந்த ஃபைனான்ஸ்காரன் ஷட்டரை இழுத்து மூடிட்டு ஓடிப் போய் எட்டு மாசம் ஆச்சு. நீ அவன்கிட்டப் போட்டு வச்ச முப்பது வருஷத் தையல் கூலி அவன் கூடவே போயிடுச்சு. நான் என்ன சொன்னேன்?

அண்ணன்: நூறு தடவை சொன்ன. இது நூத்தியோராவது.

தம்பி: "கவர்மென்டை நம்பறவன் சோம்பேறி"ன்னு சொன்னது யாரு? "எனக்கு நானே முதலாளி, எனக்கு நானே பென்ஷன்"னு மார்தட்டுனது யாரு?

அண்ணன்: நான்தான்.

தம்பி: பாத்தியா! குடிநீர் இலாகாவுல முப்பத்தி நாலு வருஷம் குழியும் சேறுமாக் கிடந்தேன். கல்யாண வீட்டுல கூட "குழாய்க்காரன் வந்துட்டான்"னு கிண்டல் பண்ணுவ. இப்பப் பாரு, ஒண்ணாம் தேதியானா டாண்ணு வருது. மழை பெஞ்சாலும் வருது, நான் குப்புறப் படுத்துத் தூங்கினாலும் வருது.

அண்ணன்: வருது?

தம்பி: ...வருதுங்கறேன்ல.

அண்ணன்: சரி. இந்த ஊசியில நூலைக் கோத்துக் குடு.

தம்பி: இது கூடத் தெரியலையா உனக்கு?

அண்ணன்: தெரிஞ்சா உன்கிட்ட ஏன் நீட்டறேன்?

டீச்சர்: டெய்லர், இது என்னங்க சட்டை? ஒரு கை முழங்கை வரைக்கும் வருது, இன்னொண்ணு பாதியிலயே நிக்குது.

அண்ணன்: குடுங்க டீச்சர். பிரிச்சுத் தச்சு வைக்கறேன். கூலி வேணாம்.

டீச்சர்: கூலி கிடக்கட்டும். போன மாசமும் இப்படித்தான். கண்ணை ஒரு டாக்டர்கிட்டக் காட்டுங்க. நான் பக்கத்துக் கடைக்குப் போயிட்டு வரேன்.

தம்பி: கேட்டுச்சா? இந்த லட்சணத்துல எத்தனை நாளைக்கு மெஷினை மிதிப்ப? முதியோர் உதவித்தொகைக்கு மனு போட்டியே, என்ன ஆச்சு?

அண்ணன்: தள்ளிட்டாங்க.

தம்பி: ஏனாம்?

அண்ணன்: சொல்றேன். உனக்கென்ன அவசரம்?

தம்பி: விடு, அவன் குடுக்காட்டிப் போறான். நான் எதுக்கு இருக்கேன்? மாசம் ஒண்ணாம் தேதி வீட்டுக்கு வா. பார்த்துக் கொடுக்கறேன்.

அண்ணன்: பார்த்து... கொடுக்கறியா?

தம்பி: ஏன் முறைக்கற? கூடப் பொறந்தவன்தானே. மருந்துக்கு, கடை வாடகைக்கு...

அண்ணன்: வாயை மூடு.

தம்பி: நல்லதுக்குச் சொன்னா...

அண்ணன்: மூடுன்னேன்! மனுவ ஏன் தள்ளினாங்க தெரியுமா? கவுன்டர்ல இருந்த பொண்ணு கம்ப்யூட்டரைப் பாத்துட்டுச் சிரிக்குது. "பெரியவரே, குடிநீர் இலாகாவுல முப்பத்தி நாலு வருஷம் வேலை பாத்து, பென்ஷனும் வாங்கிக்கிட்டு, வருமானமே இல்லன்னு எழுதிக் குடுக்க வெக்கமா இல்ல?"ன்னு கேக்குது. வரிசையில இருபது பேரு என் மூஞ்சியவே பாக்கறாங்க.

தம்பி: ...மெதுவாப் பேசு. டீச்சர் பக்கத்துக் கடையிலதான் நிக்குது.

அண்ணன்: நிக்கட்டும்! பத்தாவது பாஸ் பண்ணவன் நான். மூணு தடவை கோட்டை விட்டவன் நீ. என் சர்டிபிகேட்டைத் தூக்கிக்கிட்டுப் போய், என் பேருல வேலைக்குச் சேந்தவனும் நீ.

தம்பி: அப்பாதான் எடுத்துக் குடுத்தாரு!

அண்ணன்: அப்பா குடுத்தாரு. "ஒரே வருஷம்ணே, பாஸ் பண்ணிட்டு என் பேருக்கு மாத்திக்கறேன்"னு காலைப் பிடிச்சது யாரு? அதுவும் அப்பாவா?

தம்பி: மாத்தப் போயிருந்தா என்னை உள்ள தூக்கிப் போட்டிருப்பாங்க.

அண்ணன்: அதனால முப்பத்தி நாலு வருஷம் நீயே நானா இருந்துட்ட. உன் காக்கிச் சட்டையெல்லாம் தச்சது யாரு? என் பேரை, என் கையால, உன் பாக்கெட்டு மேல எழுத்தெழுத்தாத் தச்சுக் குடுத்தேனே... எத்தனை சட்டை!

தம்பி: கூலி குடுத்தேன்ல.

அண்ணன்: இந்தக் கத்திரியால உன் நாக்கை...

தம்பி: கீழ வைண்ணே! கீழ வை.

அண்ணன்: ரிட்டயர் ஆன அன்னைக்கு என்ன சொன்ன? நினைவிருக்கா? "சர்டிபிகேட்டுல இருந்த உன் வயசால எனக்கு ரெண்டு வருஷச் சம்பளம் போச்சு"ன்னு என்கிட்டயே வந்து குறைப்பட்டுக்கிட்ட. மாலைய இன்னும் கழுத்துலருந்து கழட்டல.

தம்பி: அது... ஒரு வருத்தத்துல சொன்னது.

அண்ணன்: எனக்கு வருத்தம் இல்லியா? பெரியாஸ்பத்திரியில தையல்காரன் வேலைக்கு ஆள் எடுத்தாங்க. நிரந்தர வேலை. பென்ஷன் உண்டு. வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்தேன். எப்படி மனு போடறது? அந்த சர்டிபிகேட்காரன்தான் ஏற்கெனவே கவர்மென்டுல குழாய் மாட்டிட்டு இருக்கானே!

தம்பி: இதை நீ சொல்லவே இல்லியே.

அண்ணன்: சேமிப்பு, சேமிப்புன்னு நான் மார்தட்டுனதெல்லாம் வேற வழி இல்லாமடா. உனக்கு மனசு உறுத்தக் கூடாதுன்னுதான் அந்த வேஷம் கட்டினேன். நீ என்னடான்னா அதையே நம்பிட்டு, இன்னைக்கு எனக்குப் புத்தி சொல்ல வந்துட்ட.

தம்பி: ...இத்தனை வருஷத்துல ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

அண்ணன்: நீ ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

தம்பி: சரிண்ணே. தப்புதான். கால்ல வேணா விழறேன். இப்பக் கோவத்தை விடு. ஒரு சின்ன வேலை இருக்கு... வெளில ஆட்டோ நிக்குது.

அண்ணன்: அதானே பாத்தேன். நலம் விசாரிக்கவா நீ வருவ?

தம்பி: வருஷா வருஷம் "உயிரோட இருக்கேன்"னு ஒரு தாள்ல கையெழுத்துப் போட்டுக் குடுப்பேன்ல? இந்த வருஷம் அது செல்லாதாம். மெஷின்ல விரலை வைக்கணுமாம். அந்தப் பேருக்கு அடையாள அட்டையில என்ன ரேகை இருக்கோ...

அண்ணன்: அது என் ரேகை.

தம்பி: ...ஆமா. மூணு மாசமா பென்ஷன் நின்னு கிடக்குண்ணே.

அண்ணன்: டாண்ணு வருதுன்ன?

தம்பி: அண்ணே...

அண்ணன்: மழை பெஞ்சாலும் வருதுன்ன? குப்புறப் படுத்தாலும் வருதுன்ன?

தம்பி: குத்திக் காட்டாத. வீட்டுல அவளுக்குக் கூடச் சொல்லல. கைமாத்து வாங்கித்தான் மூணு மாசமா ஓட்டறேன். ஒரே ஒரு விரல்ணே. அஞ்சு நிமிஷ வேலை. அங்க உன்னை ஒரு கேள்வி கூடக் கேக்க மாட்டாங்க.

அண்ணன்: கேக்கல.

தம்பி: என்னது?

அண்ணன்: கேக்கலன்னேன். மனுவத் தள்ளின அன்னைக்கே, அந்தப் பொண்ணுதான் மாடியில பென்ஷன் செக்ஷனுக்குப் போகச் சொல்லுச்சு. போனேன். "மூணு மாசமா உங்களத்தான் தேடறோம், உயிரோடதான் இருக்கீங்களா?"ன்னு அந்த ஆளு மெஷினை நீட்டினான். வச்சேன். பச்சை லைட் எரிஞ்சுது.

தம்பி: வச்சுட்டியா! என் தெய்வமே! இதை முதல்லயே சொல்லித் தொலைக்கறதுக்கென்ன? என் உயிரே போயிடுச்சு... அப்ப நின்னு போன பணமும் சேத்து வந்துடும்ல? காலையில கூட பேங்குல பாத்தேன், எதுவும் ஏறலையே?

அண்ணன்: ஏறாது. பேங்க் புக்கைக் கேட்டான். என் புக்கைக் குடுத்துட்டேன்.

தம்பி: அண்ணே...! விளையாடாத. அது நான் வேலை பாத்து வாங்கற பணம்! சேத்துல நின்னது நான்! அநியாயம் பண்றியே... இப்பவே போறேன். நேராப் போய்ச் சொல்றேன், எல்லாத்தையும்...

அண்ணன்: போ. ஆட்டோ நிக்குதுன்னியே. ஆனா யாருன்னு கேப்பாங்க, என்ன பேரு சொல்லுவன்னு யோசிச்சுட்டுப் போ... மூஞ்சிய ஏன் அப்படி வச்சுக்கற? கூடப் பொறந்தவன்தானே. மாசம் ஒண்ணாம் தேதி கடைக்கு வா. பார்த்துக் கொடுக்கறேன்.