ஆடை எடுத்த பால்

எங்கள் வீட்டுக்காரருக்குப் பாலில் ஆடை மிதந்தால் பிடிக்காது, இன்ஸ்பெக்டரம்மா. வடிகட்டித்தான் கொடுப்பேன். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

என் புருஷன் பார்த்திபன் திருப்போரூரில் மனை விற்கிறவர். நல்ல தொப்பை. வண்டியில் பின்னால் உட்கார்ந்து பிடித்துக்கொள்ள எனக்கு வாகாக இருக்கும். நாவலூர் ஜிம்மில் சேர்ந்தார். தொப்பை போனது, கை திரண்டது. கூடவே என்மேல் ஒரு பார்வையும் வந்தது.

"இன்னாடி ரேணுகா, மூட்டையாட்டம் கீற? பக்கத்துல நின்னாலே பேஜாரா கீது" என்றார், மனை பார்க்க வந்தவர்கள் முன்னால். அவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அவருடைய ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி குறைவு என்று வந்தது. டாக்டர் பொடி பாக்கெட் எழுதினார். மருந்துக்கடை திருவேங்கடம் அண்ணன் என்னிடம் சொன்னார்: "வாரத்துக்கு ஒண்ணுதாம்மா, பால்ல கலந்து குடு. இது மீந்தா வெளிய போவாது. உள்ளயே தங்கி கிட்னிய அடிச்சிடும்."

வீட்டில் அதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். அவர் கண்ணாடி முன்னால் கையை மடக்கிக்கொண்டிருந்தார். "வைட்டமின் எவ்ளோ போட்டாலும் சதைக்குத்தான், மிச்சம் ஒண்ணுக்குல போயிடும்னு ஜிம் மாஸ்டர் சொல்ட்டாரு. தினம் கலந்து குடு. உனக்கு இன்னா தெரியும்?"

எனக்குத் தெரிந்திருந்தது. கேட்டதைக் கொடுத்தேன்.

அவரே பெட்டியாக வாங்கி வந்தார். முதலில் தாகம், பிறகு வாந்தி. தண்டால் எடுக்கையில் கை நடுங்கியது. "சத்து பத்தல, ரெண்டா போடு" என்றார். போட்டேன். அப்புறம் அவருக்கே பயம் வந்துவிட்டது. "வோணாம், நிறுத்திடு" என்றார்.

"சரிங்க" என்றேன். பெட்டியில் பாதி மீதி இருந்தது. அன்று முதல் அவர் குடித்ததை வெறும் பால் என்று நினைத்தார். அடியில் கரையாமல் நிற்காதபடி நன்றாக ஆற்றிக் கொடுத்தேன்.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்டபோது, "வாரத்துக்கு ஒண்ணுதான் மேடம்" என்றேன். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டதாம். அந்தக் கை இப்போது என் விரல்களுக்குள் அடங்குகிறது. கக்கூசுக்குப் போகவும், "ரேணு, புடிச்சிக்கோ" என்கிறார். கல்யாணமான புதிதில் அப்படித்தான் கூப்பிடுவார்.

நான் கொண்டுவந்து உங்கள் மேஜைமேல் வைத்த பிளாஸ்க்கை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுங்கள். பால் ஆறிவிடும். இன்றைக்கு ஒரு பாக்கெட்தான் கலந்திருக்கிறேன். அவர் உடம்பும் தாங்க வேண்டுமே. என்னை விட்டால் அதையெல்லாம் யார் பார்ப்பார்கள்?