இந்த வருடம் யாரைத் தக்கவைப்பது

புதிதாக ஒரு நல்ல ஆட்டக்காரனைக் கண்டுபிடிப்பது பெரிய வேலையில்லை. ஏற்கெனவே கையில் இருப்பவர்களில் யாரை விடுவது என்று தீர்மானிப்பதுதான் கடினம். எட்டு வருடமாக, பருவம் தொடங்குமுன் எழுதும் என் முன்னோட்டத்தை இந்தக் கருத்தோடுதான் தொடங்குகிறேன். தெரிவு நாளுக்கு இன்னும் ஒன்பது நாட்கள் இருக்கின்றன.

வழக்கமாக இது நம் எட்டுப் பேருக்கு மட்டும் போகும். இம்முறை என் தங்கை மனோரஞ்சிதத்துக்கும் ஒரு பிரதி அனுப்புகிறேன். அவளுக்கு விளையாட்டுத் தெரியாது. ஆகவே மற்றவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும், விதிகளைச் சொல்லிவிட்டுத்தான் மேலே போகலாம்.

பாரிஸ் பக்கத்துப் பல்கலைக்கழகங்களில் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகள் வளாகத்துக்கு ஓர் அணியாகச் சேர்ந்து செப்டெம்பரிலிருந்து மே வரை உதைபந்தாடுகிறார்கள். நாங்கள் எட்டுப் பேர், தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலில் ஒரு தேநீர்க்கடையின் பின்மேசையில் இருந்துகொண்டு, அதே பிள்ளைகளை வைத்துக் கடதாசியில் எட்டு அணிகள் அமைக்கிறோம். என் பட்டியலில் உள்ள பிள்ளை மைதானத்தில் கோல் அடித்தால் எனக்குப் புள்ளி. வருட முடிவில் ஒவ்வொருவரும் மூன்று பேரைத் தக்கவைக்கலாம். மற்றவர்களை விட்டுவிட்டு, தெரிவு நாளில் முறை வைத்துப் புதிதாக எடுக்க வேண்டும். தக்கவைத்தவரை இன்னொருவருக்குக் கைமாற்றவும் செய்யலாம். பரிசு என்று ஒன்றும் கிடையாது. வென்றவரின் பெயரை அடுத்த தெரிவு வரைக்கும் சொல்லிக்கொண்டிருப்பார்கள், அவ்வளவுதான்.

அந்த அவ்வளவு எனக்குப் போதுமாக இருந்தது. நான் வன்னியில் கூட்டுறவுச் சங்கத்தில் எழுதுவினைஞராக இருந்தவன். இங்கே பதினாறு வருடமாக அலுவலகக் கட்டடங்களில் நிலம் துடைக்கிறேன். முன்னோட்டம் எழுதும் வாரத்தில் மட்டும் ஆட்கள் என்னைத் தேடி வருவார்கள், புதுப் பிள்ளைகளில் எவன் உருப்படியானவன் என்று கேட்பார்கள், நான் சொல்லும்வரை காத்திருப்பார்கள். போன பருவத்துக்கு முந்திய பருவத்தில் நான் ஏழாவதாக வந்தேன். என் முன்னோட்டத்தைத் தான் மீன் பொதி கட்ட எடுத்துவிட்டதாக வாமதேவன் எல்லோர் முன்னாலும் சொன்னார். அவர் ஓர் உணவகத்தில் தலைமைச் சமையற்காரர், எங்களுக்குள் உரத்த குரல் அவருடையது. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இனி சுகந்தன். அவன் மனோரஞ்சிதத்தின் மகன், எனக்கு மருமகன். என் மனைவியும் மகளும் மனோவின் கணவரும் போரின் கடைசி மாதங்களில் போய்விட்டார்கள். இரண்டு குடும்பத்துக்கும் மிஞ்சிய பிள்ளை அவன் ஒருவன்தான். பதின்மூன்று வயதில் தாயோடு இங்கே வந்தான். வந்த நாளிலிருந்து அவர்கள் ஐந்து வீடு மாறிவிட்டார்கள், கடைசியாக லெ பிளாங்-மெனிலில். நான் மட்டும் ஒரே அறையில் இருந்தேன். ஆகவே அவர்களுடைய விசா, காப்புறுதி, பள்ளிக்கூடம் என்று எல்லாக் கடிதத்துக்கும் என் முகவரிதான். லாச்சப்பலில் இது புதுமையில்லை. என் தபால் பெட்டியில் ஏழு பெயர்கள் ஒட்டியிருக்கின்றன. படிவங்களில் என் வீட்டுத் தொலைபேசி இலக்கத்தையே கொடுத்துப் பழகியிருந்தார்கள்.

“நீங்களே திறந்து பாருங்கோ மாமா,” என்று சுகந்தன் சொல்லியிருந்தான். “முக்கியமெண்டா படம் எடுத்து அனுப்புங்கோ. மிச்சத்தைக் குப்பையிலை போடுங்கோ.”

ஏழு வருடத்தில் ஒரு கடிதத்தைக்கூட நான் தவறவிட்டதில்லை. இதை மனோவே சொல்வாள்.

சென்ற வருடம் செப்டெம்பர் மூன்றாம் தேதி, புதன்கிழமை, வேலையிலிருந்து திரும்பி வந்து பெட்டியைத் திறந்தேன். விளையாட்டில் சேரும் மாணவர்களுக்கு வளாகத்தில் ஓர் இதயப் பரிசோதனை நடத்தியிருந்தார்கள். அதன் முடிவு வந்திருந்தது. மாடிப்படியின் கீழே நின்றே வாசித்தேன். இதயத் துடிப்புப் பதிவில் ஒழுங்கின்மை தெரிகிறது, உடனே சந்திப்புக்கு நேரம் எடுக்கவும், மேலதிகப் பரிசோதனை முடியும்வரை எந்த விளையாட்டிலும் ஈடுபட வேண்டாம். கடைசி வரிக்குக் கீழே கோடு இழுத்திருந்தது.

எனக்குப் பயம் பிடித்தது. படியில் உட்கார்ந்தேன். தொலைபேசியை எடுத்துக் கடிதத்தைப் படமும் பிடித்தேன். அனுப்பும் இடத்தில் விரலை வைத்துக்கொண்டிருந்தபோது வேறொரு விஷயம் நினைவுக்கு வந்தது. என் மூன்று தக்கவைப்புகளில் முதல் பெயர் சுகந்தன். அவன் போய்விட்டால் எனக்கு அணியே இல்லை. ஆனால் அவன் போகப்போகிறான் என்பது என்னைத் தவிர ஒருவருக்கும் தெரியாது.

படத்தை அழித்தேன். கடிதத்தைக் கோட்டின் உட்பையில் வைத்தேன்.

வெள்ளிக்கிழமை முன்னோட்டம் போனது. சுகந்தனைப் பற்றி அதில் ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தேன். இருபது வயது, இரண்டு காலாலும் அடிப்பான், தொண்ணூறாவது நிமிடத்திலும் முதல் நிமிடம் போல ஓடுவான், கண்ணை மூடிக்கொண்டு தக்கவைக்கலாம். நான் எழுதியதில் மிகச் சிறந்த பகுதி அதுதான் என்று இப்போதும் நினைக்கிறேன். சனிக்கிழமை தேநீர்க்கடையில் வாமதேவனிடம் கைமாற்றம் பற்றிப் பேச்செடுத்தேன். சுகந்தனைத் தருகிறேன், கிறிஸ்தோப்பரையும் முதல் தெரிவையும் தாருங்கள் என்றேன். கிறிஸ்தோப்பர், வில்தனூஸ் பல்கலைக்கழக வளாகத்து முன்வரிசைப் பிள்ளை, அப்போது அவ்வளவாக யாருக்கும் தெரியாதவன்.

வாமதேவன் தேநீரை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “என்ன பூபாலண்ணை, சொந்த மருமோனையே தள்ளிவிடுறியள். பெடியனுக்கு ஏதும் வருத்தமோ?”

“வச்சிருந்தா சொந்தக்காரனுக்குப் பக்கச்சார்பு எண்டுவியள்,” என்றேன். “குடுத்தா வருத்தமோ எண்டுறியள். வேண்டாமெண்டா விடுங்கோ.”

“ஐயோ, கோவிக்காதேங்கோ. எனக்குத் தாங்கோ. அவன் அடிக்கிற ஒவ்வொரு கோலுக்கும் உங்களுக்கு ஒரு பிளேன்ரீ என்ரை கணக்கிலை.”

மற்றவர்கள் மேசையைத் தட்டினார்கள். கைமாற்றம் எழுதப்பட்டது.

இங்கே இன்னொரு விதியைச் சொல்ல வேண்டும். சில வருடத்துக்கு முன் ஒருவர், கணுக்கால் முறிந்த பிள்ளையை அதை மறைத்துக் கைமாற்றிவிட்டார். அதன் பிறகு, கைமாறியவர் பருவத்தின் முதல் ஆட்டத்தில் மைதானத்தில் இறங்கினால்தான் கைமாற்றம் செல்லும் என்று விதி செய்தோம். அதை எழுதியவன் நான். ஆகவே சுகந்தன் இருபத்தோராம் தேதி இறங்க வேண்டும். ஐந்து நிமிடம் ஆடினாலும் போதும். ஆட்டம் முடிந்ததும் கடிதத்தைக் கொடுப்பது என்று முடிவு செய்தேன். பதினெட்டு நாள்தான். எட்டு வயதிலிருந்து ஓடுகிற பிள்ளைக்குப் பதினெட்டு நாளில் என்ன வந்துவிடும் என்று யாரும் கேட்கலாம். நான் என்னைக் கேட்டேன்.

அந்த நாட்களில் நான் சரியாகத் தூங்கவில்லை. தொலைபேசி அடித்தால் மூன்றாவது மணிக்குப் பிறகே எடுத்தேன். பதினோராம் தேதி அது அடித்தபோது எடுத்தது நான்தான். வளாக மருத்துவப் பிரிவிலிருந்து ஒரு பெண், மரியாதையான குரல். சுகந்தன் இன்னும் சந்திப்புக்கு நேரம் எடுக்கவில்லையே, கடிதம் கிடைத்ததா என்று கேட்டாள். நான் அவனுடைய மாமா என்றேன். கிடைத்தது, அவனுக்குத் தெரியும், விளையாடவில்லை, நேரம் எடுப்பான் என்றேன். அவள் நன்றி சொன்னாள். என் பிரெஞ்சில் ஒரு பிழையும் வரவில்லை.

அன்று மாலை சுகந்தனே தொலைபேசி எடுத்தான்.

“மாமா, அந்த இதயப் பரிசோதனைக் கடிதம் ஏதும் வந்ததோ?”

“இல்லைத் தம்பி. ஒண்டும் வரேல்லை.”

“அப்ப சரி. பிரச்சினை எண்டாத்தான் எழுதுவினமாம். ஆரெலிதான் கேள் கேள் எண்டு நிக்கிறாள்.” ஆரெலி அவனோடு படிக்கும் பிரெஞ்சுப் பிள்ளை, அவனுடைய சிநேகிதி. பிறகு அவன் சிரித்தான். “என்னை வித்துப்போட்டியளாம். வாமதேவண்ணை சொன்னவர். இருங்கோ, அவருக்கு அடிச்சுக் குடுத்து உங்களை அழ வைக்கிறன்.”

நான் அவனுக்கு என்ன பதில் சொன்னேன் என்பது நினைவில் இல்லை. சிரித்திருப்பேன்.

ஆட்டம் ஓல்னே-சூ-புவாவில். வெயில் இருந்தும் நான் கோட்டுப் போட்டுக்கொண்டு போனேன், கடிதம் உட்பையில் இருந்தது. மதியம் இரண்டரைக்குச் சுகந்தன் இறங்கினான். எல்லைக்கோட்டைத் தாண்டி அவன் முதல் அடி வைத்ததை நான் கவனித்துப் பார்த்தேன், கைமாற்றம் அந்த அடியில் உறுதியாகிவிட்டது. அதன் பிறகு அவன் ஆட வேண்டிய தேவை எனக்கு இருக்கவில்லை. பயிற்சியாளர் என்னிடமிருந்து இருபது அடி தூரத்தில் நின்றார். போய் ஒரு வார்த்தை சொன்னால் போதும். பத்தாவது நிமிடத்தில் இரண்டு அடி எடுத்து வைத்தேன். வாமதேவன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். நான் முதலே அறிந்திருந்தேன் என்பது அவருக்குத் தெரிந்துவிடும். அந்தப் பின்மேசை முழுவதற்கும் தெரிந்துவிடும். நான் நின்றுவிட்டேன். அவன் ஒவ்வொரு முறை ஓடும்போதும் கடிகாரத்தைப் பார்த்தேன். அவன் நின்று குனிந்து முழங்காலைப் பிடித்தால், நிமிரும்வரை எண்ணினேன். என் வாழ்க்கையில் ஷெல் விழுந்த நாட்களில்கூட நான் அப்படிப் பயந்ததில்லை. நான் எவ்வளவு பயந்தேன் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

முப்பத்தோராவது நிமிடம். பந்து மறுபக்கத்தில் இருந்தது, அவனுக்குக் கிட்ட ஒருவரும் இல்லை. நடந்துகொண்டிருந்தவன் கையை ஊன்றாமலே முகம் குப்புற விழுந்தான். முதலில் ஓடியது ஆரெலி. அம்புலன்ஸ்காரர்கள் நாற்பது நிமிடம் பார்த்தார்கள். நான் அவன் தலையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். குனிந்தபோதெல்லாம் உட்பையில் கடதாசி மடங்குகிற சத்தம் எனக்கு மட்டும் கேட்டது.

மனோவுக்குத் தொலைபேசி எடுத்தவனும் நான்தான். வேறு யார் சொல்வது?

அவன் இறந்து எட்டாம் நாள், எட்டுச்செலவன்று வாமதேவன் என்னைத் தனியாகக் கூட்டிக்கொண்டுபோனார். “அண்ணை, கிறிஸ்தோப்பரை நீங்களே வச்சிருங்கோ,” என்றார். “அந்தக் கதையே இனி வேண்டாம். உங்கடை மூஞ்சியைப் பாக்க ஏலாமக் கிடக்கு.” அவர் அழுதார். அந்தப் பருவத்தில் கிறிஸ்தோப்பர் இருபத்திரண்டு கோல் அடித்தான். நான் முதலாவதாக வந்தேன். எல்லோரும் எழுந்து நின்று எனக்குக் கைகொடுத்தார்கள், சுகந்தனின் நினைவாக என்றார்கள்.

இந்த ஜூனில் ஆரெலி மனோவிடம் கையெழுத்து வாங்கி, சுகந்தனின் மருத்துவக் கோப்பின் பிரதியைக் கேட்டு எழுதினாள். பதில் வழக்கம்போல என் பெட்டிக்கு வந்தது. மனோ தொலைபேசி எடுத்துக் கேட்டாள், வாசித்துச் சொன்னேன், கோரிக்கை கிடைத்ததாக மட்டும் எழுதியிருக்கிறார்கள் என்றேன். “நீங்கள் சொன்னாச் சரி அண்ணை,” என்றாள். உண்மையில் அதில் மூன்று பக்கம் இருந்தது. செப்டெம்பர் முதலாம் தேதி கடிதம் அனுப்பியது, பதினோராம் தேதி தொலைபேசியில் பேசியது, எடுத்தவர் மாமா என்பது, அவர் சொன்ன பதில், எல்லாம் நேரத்தோடு இருந்தன.

ஆரெலி காத்திருந்து பார்த்துவிட்டுத் தன் முகவரிக்கு இன்னொரு பிரதி எடுப்பித்திருக்கிறாள். நேற்று மனோ எனக்குச் சொன்னாள். ஏதோ தொலைபேசி பற்றி அதில் இருக்கிறதாம், நேரில் வந்து விளங்கப்படுத்துகிறாளாம், மொழிபெயர்க்க நீங்களும் வாருங்கள் அண்ணை என்றாள். அதற்குப் பிறகு நான் சாப்பிடவில்லை. கதவுப் பக்கம் காலடி கேட்டால் விளக்கை அணைக்கிறேன்.

ஆகவே சொல்லிவிடுகிறேன். கடிதம் வந்தது. வாசித்தேன். விளங்கியது. ஒரு கைமாற்றம் செல்ல வேண்டும் என்பதற்காக என் மருமகனை மைதானத்தில் இறக்கினேன், இறங்கிய பிறகும் நிறுத்தவில்லை.

முன்னோட்டம் என்பதால் மற்றதையும் எழுதி முடிக்கிறேன். என் தக்கவைப்புகளில் முதலாவது கிறிஸ்தோப்பர், அவனுக்கு இன்னும் இரண்டு வருடப் படிப்பு இருக்கிறது. புதுப் பிள்ளைகளில் தருண் என்றொருவன் வருகிறான், உயரம், அவசரப்படாதவன், யாரும் முந்திக்கொள்ளலாம்.

ஆரெலி வருவது ஞாயிற்றுக்கிழமை. இன்று வெள்ளி. யாரும் கேட்பதற்கு முன்னால், என் சொந்த விருப்பத்தில், ஒன்றையும் ஒளிக்காமல் நானே எழுதித் தந்திருக்கிறேன் என்பதை மனோ கவனிப்பாள் என்று நம்புகிறேன்.