துரைசாணி வேஷம்

சிட்னியின் வெஸ்ட்மீட்டில் ரயில் ஏறிய இரண்டு தமிழ்ப் பெண்கள் என் எதிரே உட்கார்ந்தார்கள். இளையவள், "நேத்து ஷூட்டிங்ல நம்ம ஆளையே அறைஞ்சேன் அக்கா" என்றாள்.

"ஏன் பிள்ளை?"

"வெள்ளைக்காரன் காலத்துத் தேயிலைத் தோட்டத்தைப் பத்தின டிவி டிராமா. எனக்குத் தோட்டத்துத் துரையோட பொண்டாட்டி, துரைசாணி வேஷம். நிறம் பார்க்காமத்தான் நடிக்க எடுக்கிறோம்னு டைரக்டர் பெருமையாச் சொன்னாரு."

"நல்லதுதானே?"

"கொழுந்து பறிக்கிறவங்களை மட்டும் நிறம் பார்த்துத்தான் எடுத்திருக்காங்க. கூடை சுமக்க ஒரு வெள்ளைக்காரிகூட இல்ல, எல்லாம் நம்ம பொம்பளைங்க. அவங்கள்ல ஒருத்தியைத்தான் நான் அறையணும்."

மூத்தவள், "அம்மாட்டச் சொன்னனியோ?" என்று கேட்டாள்.

"சொன்னேன். அவங்களும் கொழுந்து பறிச்சவங்கதானே. 'வலிக்காம அடிச்சியா?'ன்னு மட்டும் கேட்டாங்க. முதல்ல அப்படித்தான் அடிச்சேன் அக்கா. டைரக்டருக்குப் பத்தல."