வண்டியில் ஒன்றும் இல்லை

நீங்கள் கொடுத்த பேனா நன்றாக எழுதுகிறது இன்ஸ்பெக்டர் ஐயா. என் பட்டறையில் கிடக்கிற பேனாக்கள் கிரீஸ் பட்டு நாலு வரியில் மக்கர் செய்துவிடும். நடந்ததை என் கைப்படவே எழுதித் தரச் சொன்னீர்கள், எழுதுகிறேன். நான் எதையும் மறைக்கிற ஆள் இல்லை. யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

முதலில் எங்கள் வீடு எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன். முன்னால் பட்டறை, பின்னால் வீடு. வீட்டுக்கென்று தனி வாசல் கிடையாது. படுக்கிற அறை, சமையலறை, அதைத் தாண்டி ஒரு கதவு. அந்தக் கதவைத் திறந்தால் பட்டறை. தெருவுக்குப் போக வேண்டும் என்றால் என்னைத் தாண்டித்தான் போயாக வேண்டும். இருபத்திரண்டு வருடமாக அந்தப் பன்னிரண்டடி இடத்தில் குந்தி உட்கார்ந்து ஊரார் வண்டிகளைப் பழுது பார்த்திருக்கிறேன். அவை எங்கெங்கோ போய்விட்டு வந்தன. நான் மதியச் சாப்பாட்டுக்கு உள்ளே போய்விட்டு வருவேன்.

என் மனைவிக்கு வெளிவேலை. ஒரு பரிசோதனைக் கூடத்துக்காக வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வருவாள். காலை ஆறு மணிக்கு என் பழைய மோட்டார் சைக்கிளில் கிளம்பினால் பதினொன்றுக்குத் திரும்புவாள். அவள் கைக்கு ஊரில் நல்ல பேர். ஊசி போட்டதே தெரியவில்லை என்று கிழவர்கள்கூடச் சொல்வார்கள். திரும்பி வரும்போது பட்டறையில் நின்று அன்றைய கதையை எல்லாம் கொட்டுவாள். எந்த வீட்டில் நாய் துரத்தியது, எந்த வீட்டில் தாத்தாவும் பாட்டியும் ரத்தம் கொடுக்கும்போதுகூடச் சண்டை போட்டார்கள், எல்லாம். நான் தலையைத் தூக்காமல் ஸ்பேனரைத் திருகிக்கொண்டே கேட்பேன். பதிலுக்குச் சொல்ல என்னிடம் ஒரு கிளட்ச் பிளேட்டைத் தவிர ஒன்றும் இருக்காது. எனக்குப் பொறாமையாக இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒருநாள் வந்து நின்றாள்.

"ஏங்க, ஹேண்டில் நேரா இருக்கும்போது பிடிச்சுக்குது. லேசாத் திருப்பினா வரமாட்டேங்குது. அப்புறம் வெடுக்குன்னு திரும்புது. என்னன்னு பாருங்களேன்."

வேறு யாரும் இவ்வளவு சரியாகச் சொல்ல மாட்டார்கள். வண்டியின் கழுத்துக்குள் மேலே ஒரு வளையம், கீழே ஒரு வளையம், ஒவ்வொன்றிலும் சின்னச் சின்ன இரும்புக் குண்டுகள். கோன் செட் என்போம். ஹேண்டில் அதன்மேல்தான் திரும்புகிறது. வண்டி பெரும்பாலும் நேராகவே ஓடுவதால், வருடக்கணக்கில் குண்டுகள் ஒரே இடத்தில் இடிபட்டு வளையத்தில் பள்ளம் விழுந்துவிடும். அதன்பிறகு ஹேண்டில் நேராக வந்ததும் குண்டுகள் அந்தப் பள்ளத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். எழுப்பினால் எழும்பாது. மாற்றுவதற்கு ஒன்றரை மணி நேரம் போதும். ஹேண்டிலைத் தொட்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

"அப்புறம் இன்னொரு விஷயம்" என்றாள். "வேற ஊர்ல புதுசா ஒரு கிளை தொறக்கறாங்களாம். என்னைத்தான் பொறுப்பாப் போடறாங்க. அங்கயே வீடு பாத்துட்டுப் போயிடலாமா? நீங்களும் அங்க ஒரு பட்டறை போட்டுக்கலாம்ல?"

ஸ்டூலை நகர்த்திப் போடுவது மாதிரி அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். என் கை ஹேண்டில் மேலேயே இருந்தது. சத்தியமாக நான் எதுவும் திட்டம் போடவில்லை ஐயா. வாயில் வந்தது.

"வண்டியில ஒண்ணும் இல்ல. உன் கைதான் சரியில்ல."

சிரித்தாள். சிரித்துவிட்டுத் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். அவள் அப்படிப் பார்க்காமல் இருந்திருந்தால் மறுநாளே கோன் செட்டை மாற்றியிருப்பேன் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

கழுத்தில் ஒரு நட்டு உண்டு. அதைக் கொஞ்சம் இறுக்கினால் குண்டுகள் பள்ளத்தில் இன்னும் அழுந்தி உட்காரும். எட்டில் ஒரு சுற்று போதும். ஓட ஓட அது தளர்ந்துவிடும் என்பதால் வாரத்துக்கு ஒருமுறை, அவள் குளிக்கப் போகும்போது செய்தேன். அவள் சந்தேகப்பட்ட நாளில், தளர்த்திவிட்டு அவளைப் பின்னால் உட்கார வைத்து தெருவைச் சுற்றி வந்து காட்டினேன். வண்டி வழுக்கிக்கொண்டு போனது. "எப்படிப் போகுது பார்த்தியா?" என்றேன். "ஆமாங்க" என்றாள். வீட்டுக்கு வந்ததும் மறுபடி இறுக்கினேன். இன்னொரு நாள் தானே ஹேண்டிலைப் பிடித்துத் திருப்பிப் பார்க்க வேண்டும் என்றாள். தாராளமாகப் பார் என்றேன். முன்சக்கரம் தரையில் இருக்கும்போது அந்தப் பள்ளம் கைக்கு அவ்வளவாகத் தெரியாது, தூக்கிவிட்டுத் திருப்பினால்தான் பிடிபடும். நான் தூக்கிக் கொடுக்கவில்லை.

இரண்டு தடவை விழுந்தாள். பெரிய அடி இல்லை. முழங்கையிலும் முட்டியிலும் சிராய்ப்பு. நான்தான் மருந்து போட்டேன். அவள் என் தோளில் சாய்ந்துகொண்டு, "எனக்கு என்னமோ ஆயிடுச்சுங்க" என்றாள். மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் அவள் என் தோளில் அப்படிச் சாய்ந்து எத்தனையோ வருடம் ஆகியிருந்தது.

அதற்கடுத்துதான் ஊசி. ஒரு பெரியவரின் கையில் மூன்று முறை குத்தியும் நரம்பு கிடைக்கவில்லை என்று வந்து அழுதாள். அது என் வேலை இல்லை ஐயா, நான் ஊசியைத் தொட்டதே கிடையாது. கையைப் பற்றிய பயம் தானாகவே வண்டியிலிருந்து இறங்கி ஊசிக்குப் போய்விட்டது. டாக்டரிடம் நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். அவர் எல்லாம் பார்த்துவிட்டு உடம்பில் ஒன்றும் இல்லை, பதற்றம்தான் என்று சொல்லி ஒரு சின்ன மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதை வேளை தவறாமல் நானே எடுத்துக் கொடுத்தேன். மாத்திரை போட்டதும் அவளுக்கு மசமசவென்று இருக்கும். அந்த மசமசப்பில் டம்ளரைப் பிடித்தால் நிஜமாகவே கை நடுங்கும். "பாத்தியா?" என்பேன், மெதுவாக. அதட்டியதே இல்லை.

எட்டாவது மாதம் வேலையை விட்டுவிட்டாள். புதுக் கிளைக்கு வேறு யாரோ போனார்கள். வண்டியைப் பட்டறையின் ஓரத்தில் படுதா போட்டு மூடி வைத்தேன். எஞ்சின் கெட்டுவிடக் கூடாதே என்று அவ்வப்போது நின்ற இடத்திலேயே ஸ்டார்ட் மட்டும் செய்து வைப்பேன்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்று எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் இருந்தது. கதவுக்குப் பின்னால் அவள் நடமாடுகிற சத்தம் நாள் முழுக்கக் கேட்டது. பழுதுக்கு வரும் வண்டிகளைக் கதவை ஒட்டியே நிறுத்த ஆரம்பித்தேன், எனக்கு இடம் பற்றவில்லை. அவள் வெளியே வர நினைத்தால் நான் எழுந்து இரண்டு வண்டியை நகர்த்த வேண்டும். "எதுக்கு உங்களுக்குச் சிரமம்" என்று உள்ளேயே இருந்துவிடுவாள். கடைக்குப் போவது, கேஸ் வாங்குவது எல்லாம் நானே பார்த்துக்கொண்டேன். எந்தப் புருஷன் இவ்வளவு செய்வான்?

கோன் செட்டை அப்போதாவது மாற்றியிருக்கலாமே என்று கேட்டீர்கள். ஓடாத வண்டிக்கு எதற்கு என்று விட்டுவிட்டேன். உண்மையைச் சொன்னால், என்றைக்காவது ஆசைப்பட்டு ஏறிப் பார்ப்பாளோ என்கிற பயமும் இருந்தது.

அவள் தங்கைக்கு, அதாவது என் மைத்துனிக்கு, போன மாதம் அதே பரிசோதனைக் கூடத்தில் அதே வேலை கிடைத்தது. கலகலப்பான பெண். என்னை "மெக்கானிக் மாமா" என்று கூப்பிட்டுக் கிண்டல் செய்வாள். அவளிடம் வண்டி கிடையாது. என் சகலையிடம் இருக்கிற வண்டி அவன் வேலைக்கு வேண்டும். இவள் நடந்தே வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தாள். இதை நான் காதில் வாங்கிக்கொள்ளவே இல்லை.

அன்று நான் உதிரிபாகக் கடையில் நின்றிருந்தேன். பத்து மணி இருக்கும். மனைவி போன் செய்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் குரலில் ஒரு உற்சாகம்.

"ஏங்க, தங்கச்சி வந்தா. நம்ம வண்டியக் குடுத்துட்டேன். சும்மாதான நிக்குது? அவ கையாவது நல்லா இருக்கே."

"கிளம்பிட்டாளா?" என்றேன்.

"இப்பத்தான். தெருமுனை கூடத் திரும்பியிருக்க மாட்டா. ஏன், கூப்பிடட்டுமா?"

அந்த இடத்தில் நான் நிறைய நேரம் யோசித்த மாதிரி ஞாபகம். நீங்கள் போன் கணக்கை எடுத்துப் பார்த்துவிட்டு மொத்தப் பேச்சே இருபது விநாடிதான் என்கிறீர்கள். கூப்பிடு என்றால், ஏன் என்று கேட்பாள். வண்டியில் கோளாறு என்றால், எவ்வளவு நாளாக என்று கேட்பாள். அதற்கப்புறம் அவள் தன் கையைப் பார்ப்பாள், பிறகு என்னைப் பார்ப்பாள். கடைக்காரர் என்ன வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

"வேண்டாம். போகட்டும்" என்றேன். "வண்டியில ஒண்ணும் இல்லையே."

போனை வைத்துவிட்டு அந்த வண்டிக்கு ஒரு கோன் செட் வாங்கினேன். மைத்துனி திரும்பி வந்ததும் மாட்டிவிடலாம் என்று இருந்தேன். ரசீது கடையில் இருக்கும், வேண்டுமானால் வாங்கிப் பாருங்கள்.

மேட்டிலிருந்து இறங்குகிற வளைவில் வண்டி வளையவில்லை. எதிரே சரக்கு லாரி. மைத்துனி மூன்று நாள் உயிரோடு இருந்தாள். இரண்டாம் நாள் கண் விழித்து அக்காவிடம் பேசினாள். நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தேன்.

"திருப்பினேன்க்கா. நேராப் பிடிச்சுக்கிச்சு. வரவே இல்ல."

மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஏதாவது சொல்ல வேண்டியிருந்தது. "உனக்கு இருந்த அதே தொல்லைதான் இவளுக்கும்" என்றேன். "உங்க குடும்பத்துக் கையே அப்படி. யாரையும் குத்தம் சொல்ல முடியாது." அவள் தலையாட்டினாள். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு, தங்கை போய்ச் சேருகிற வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தாள். கடைசியில் தங்கையைத் தொடக்கூட இல்லை. எங்கே தன் கை பட்டு இன்னும் ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்தாளாம். அதைப் பார்த்து நான் அழுதேன். அது நடிப்பு இல்லை.

அதற்கு மேல் நடந்தது எனக்கு நீங்கள் சொல்லித்தான் தெரியும். காரியமெல்லாம் முடிந்து நாலு நாள் கழித்து, சகலையின் வண்டிச் சாவியைக் கேட்டு வாங்கினாளாம். அவன் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற காலி மனையில் ஒரு மணி நேரம் தனியாக ஓட்டினாளாம், இந்த முனைக்கும் அந்த முனைக்கும். வண்டி நேராகப் போனதாம், திருப்பின பக்கம் திரும்பியதாம். வீட்டுக்கு வராமல் நேரே இந்த ஸ்டேஷனுக்கு வந்து, நொறுங்கிக் கிடக்கிற வண்டியின் கழுத்தைப் பிரித்துப் பார்க்கச் சொன்னாளாம். பிரித்து அந்த வளையங்களை மேஜைமேல் வைத்திருக்கிறீர்கள். பள்ளங்கள் கண்ணுக்கே தெரிகின்றன. ஒத்துக்கொள்கிறேன்.

கோன் செட் போனது தெரிந்தும் நட்டை இறுக்கியது நான். திரும்பக் கூப்பிட வழி இருந்தும் வேண்டாம் என்றது நான். அந்தப் பெண் செத்தது என்னால்தான். இதை வேறு எப்படி எழுதச் சொன்னாலும் எழுதுகிறேன், கீழே கையெழுத்தும் போடுகிறேன்.

ஒன்றை மட்டும் நான் ஏற்க மாட்டேன். என் மனைவி அந்தச் சகலையின் வண்டியைத் தானே ஓட்டிக்கொண்டு இங்கே வந்தாள், வெளியே மரத்தடியில் அதன்மேல் சாய்ந்து நின்றுகொண்டிருக்கிறாள் என்கிறீர்கள். இருபத்திரண்டு வருடமாக வண்டிகளோடு இருக்கிறவன் ஐயா நான். அந்தக் கையை மூன்று வருடமாகப் பக்கத்தில் இருந்து பார்த்தவன். பின்னால் யாராவது உட்கார்ந்து ஹேண்டிலைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு வந்திருப்பார்கள், விசாரித்துப் பாருங்கள். மாத்திரை சமையலறை அலமாரியில் இரண்டாவது தட்டில் இருக்கிறது. திரும்பிப் போகும்போது தயவுசெய்து அவளைத் தனியாக ஓட்ட விடாதீர்கள். அவள் கைக்கு அது ஆகாது.